தமிழ் பேசாத மாஷிமா

எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருந்த அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் தமிழ் பேசித்தான் ஒருவரும் கேட்டதில்லை.

கொல்கத்தாவில், டாக்குரியாவில் அந்த வீட்டுக்கு நான் குடிபோனபோது எனக்கு இருபத்தைந்து வயது. மதுரையிலிருந்து வேலை கிடைத்து வந்திருந்தேன். அலுவலகம் செக்டர் ஃபைவில். பெங்காலியில் ஆமாம், இல்லை தவிர ஒரு சொல் தெரியாது. மூன்றாம் மாடிச் சாவியைக் கையில் கொடுத்த வீட்டுக்காரர், "பயப்படாதே, உனக்கு நேர் கீழே இருப்பவரும் உங்கள் ஆள்தான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே, அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கில் பாதியை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு இறங்கிப்போய் மணியடித்தேன்.

சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் பருத்திப் புடவை. கையில் சங்கு வளையல். முந்தானை நுனியில் முடிந்த சாவிக்கொத்து. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். யார் பார்த்தாலும் பெங்காலி அம்மாள் என்றுதான் சொல்வார்கள்.

"ஆன்ட்டி, நீங்க தமிழாமே! நான் மதுரை" என்றேன், ஒரே மூச்சில்.

அவர் டப்பாவை வாங்கினார். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "பாங்லாய் பொலோ" என்றார்.

பெங்காலியில் சொல். அடுத்த இரண்டு வருடத்தில் இந்த இரண்டு வார்த்தைகளை அவர் வாயிலிருந்து எத்தனை முறை கேட்டிருப்பேனோ. அதட்டலாக ஒருநாளும் சொன்னதில்லை. குழந்தை தப்பான செருப்பில் காலை விட்டால் எடுத்து மாற்றிப் போட்டுவிடுவதுபோலச் சொல்வார். கூப்பிடும் முறையையும் முதல் நாளே திருத்திவிட்டார். ஆன்ட்டி இல்லை, மாஷிமா. பெங்காலியில் சித்திக்கும் பெரியம்மாவுக்கும் அந்த ஒரே சொல்தான். அவர் கணவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், எனக்கு மேஷோ ஆனார். மேஷோ பெங்காலிக்காரர். தமிழில் அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

நான் விடவில்லை. எப்படியாவது அவர் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல்லைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது எனக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு அவரோடு போயிருந்தேன். முருங்கைக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே அவர் காதருகே போய், "அது முத்தல், மாஷிமா" என்று தமிழில் சொன்னேன். கையில் இருந்ததை உடனே கீழே போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தார். "பாத்தீங்களா, புரியுதுல்ல!" என்று குதித்தேன். அவர் என் பக்கம் திரும்பாமல் கடைக்காரனிடம், இவள் ஊரில் காய் வாங்கவே தெரியாது, சும்மா கத்துகிறாள் என்று பெங்காலியில் சொல்லிச் சிரித்தார்.

எனக்கு ஒரு முறை நான்கு நாள் காய்ச்சல். மூன்று வேளையும் மாடியேறி வந்தார். இரண்டாம் நாள் ஒரு தூக்கில் கொண்டுவந்து ஊற்றிக் கொடுத்தது அசல் மிளகு ரசம். சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, கறிவேப்பிலை தாளித்தது. ஒரு வாய் குடித்ததும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "இது என்ன மாஷிமா?" என்று கேட்டேன். ரசம் என்று சொல்லியே ஆக வேண்டும், வேறு வழியில்லை என்று நினைத்தேன். அவர் டம்ளரைத் திரும்ப நிரப்பியபடி, "ஜோல்" என்றார். குழம்புக்கும் சாற்றுக்கும் பெங்காலியில் பொதுவாகச் சொல்லும் சொல்.

அம்மா ஒரு முறை மதுரையிலிருந்து வந்து பத்து நாள் தங்கினாள். அம்மாவுக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. ஒரு நாள் நான் வேலை முடிந்து திரும்பியபோது அம்மா மாஷிமா வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, அப்பா இறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாஷிமா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடுநடுவே பெங்காலியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. மாடியேறும்போது அம்மா சொன்னாள், "ரொம்ப நல்ல பொம்பள. ஏன்டி பேச மாட்டேங்குதுன்னு நொணநொணங்காத. அதுக்குள்ள என்ன இருக்கோ."

அந்த டிசம்பரில் ஒரு காலை. ஒன்பதே கால் மணி. அலுவலகக் கார் மேம்பாலத்து முனையில் வந்து நிற்பதாகத் தகவல் வந்திருந்தது. படியில் ஓடி இறங்கினேன். இரண்டாம் மாடியில் மாஷிமா கதவைத் திறந்துபோட்டு வெளியே நின்றிருந்தார். பால் பாக்கெட் காலடியில் கிடந்தது. வலது காலில் செருப்பு இல்லை. நான் குனிந்து பாக்கெட்டை எடுத்துக் கையில் கொடுத்தேன். மறுபடி நழுவி விழுந்தது. மறுபடி எடுத்து இந்த முறை இடது கையில் கொடுத்தேன்.

"கை வழுக்குது, பாத்துக்கோ" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தமிழ்.

"ஏட்டி, சாப்ட்டியா? வெறும் வயித்தோட ஓடாத" என்றார். அச்சு அசலான திருநெல்வேலிப் பேச்சு. சொற்கள் கொஞ்சம் குழைந்துதான் வந்தன. ஆனால் தமிழ்.

"மாஷிமா! பேசிட்டீங்க! கடைசியில பேசிட்டீங்க!" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் எதற்குச் சிரிக்கிறேன் என்று அவருக்கு விளங்காததுபோல. "சாயங்காலம் வரேன். நெறைய பேசணும்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். காரில் ஏறியதும் முதல் வேலையாக அம்மாவுக்குப் போன் செய்தேன். "பேசிட்டாங்கம்மா! ஏட்டின்னு கூப்ட்டாங்கம்மா!" அம்மாவும் சிரித்தாள். வழியெல்லாம் ஒரு பரிசு வாங்கியவளைப்போல ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு மேஷோ கூப்பிட்டார். பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. "உன் மாஷிமா விழுந்துகிடந்தாள். என்னவோ சொல்கிறாள், எனக்குப் புரியவில்லை. உங்கள் பாஷையாக இருக்கலாம். நீ கேள்" என்று போனை மாஷிமாவின் வாயருகே வைத்தார்.

"எய்யா, கதவத் தொறங்க" என்றது குரல். "எத்தன நேரமா வெளிய நிக்குதேன். கதவத் தொறங்கய்யா."

ஆஸ்பத்திரி பைபாஸ் சாலையில் இருந்தது. எங்கள் அலுவலகத்திலிருந்து போக அதிக நேரம் ஆகவில்லை. ஒன்று பத்துக்கு அவசரப் பிரிவில் இருந்தேன். மாஷிமாவின் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை துவண்டு கிடந்தது. தலைமாட்டில் நின்ற நர்ஸ், "நினைவு தப்பிப் பிதற்றுகிறார்" என்றாள்.

"பிதற்றவில்லை. சரியாகத்தான் பேசுகிறார். இது தமிழ்" என்றேன்.

பணியில் இருந்த டாக்டர் ஒரு பெங்காலிப் பெண். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். அவர் சட்டென்று திரும்பினார். "நீங்கள் கூட இருப்பவரா? எப்போது கடைசியாக இவரை நல்லபடியாகப் பார்த்தீர்கள்? நேரம் வேண்டும். சரியான நேரம்."

மேஷோ ஏற்கெனவே பதில் சொல்லியிருந்தார். காலை ஆறு மணிக்கு மாஷிமா அவருக்கு டீ கொடுத்து, மஃப்ளரைச் சுற்றிக்கொள்ளச் சொல்லி அனுப்பினாராம், பெங்காலியில். அவர் லேக் பக்கம் நடந்துவிட்டு, அங்கிருந்தே பவானிபூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். பத்து மணிக்கு வந்த வேலைக்காரப் பெண் மணியடித்துப் பார்த்து, ஆள் இல்லை என்று திரும்பிவிட்டாள். பன்னிரண்டரைக்கு மேஷோ கதவைத் திறந்தபோது மாஷிமா தரையில்.

"ஒன்பதே காலுக்கு நான் பார்த்தேன்" என்றேன். "வாசலில் நின்றிருந்தார். என்னோடு பேசினார்."

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வேகம் வந்தது. சிடி ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை, ஆகவே இது மூளை ரத்தக்குழாயில் அடைப்பு. அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கிறது. தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். "ஒன்பதே கால் என்றால் நமக்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது" என்று நர்ஸிடம் ஏதோ தயார் செய்யச் சொன்னார்.

மேஷோ என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை நீ பார்த்தாய், மா. என்ன சொன்னாள் உன்னிடம்?"

"சாப்பிட்டாயா என்று கேட்டார்."

"எப்போதும்போல."

எப்போதும்போல இல்லை. கையிலிருந்து பால் பாக்கெட் இரண்டு முறை விழுந்தது. ஒரு கால் செருப்பைக் காணவில்லை. ஒருநாளும் பேசாத பாஷை வாயில் வந்தது. நான் அதைக் கேட்டுத் தோளை உலுக்கிச் சிரித்தேன்.

ஒரு கணம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒன்பதே கால் என்று இருந்தால்தானே ஊசி. சொன்னால் அது போய்விடும். மேஷோவின் கை என் கையில்தான் இருந்தது.

"டாக்டர்" என்றேன். "தமிழில் பேசினார். அவர் தமிழே பேசமாட்டார். கையிலிருந்து சாமான் விழுந்தது. நான் கவனிக்கவில்லை. எனக்குத் தெரியவில்லை."

மேஷோ கையை எடுத்துக்கொண்டார். கோபத்தில் இல்லை, நாற்காலியைத் தேடினார்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. அப்படியானால் ஒன்பதே காலுக்கே ஆரம்பித்துவிட்டது, ஆறு மணிக்கும் அதற்கும் நடுவில் எப்போது என்று யாருக்கும் தெரியாது என்றார். நேரம் தாண்டி ஊசி போட்டால் செத்த பகுதியில் ரத்தம் கசிந்து ஆளே போய்விடலாம். "எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்போம். மனிதர்கள் சொல்லாத நேரத்தைச் சில சமயம் படம் சொல்லும்."

மாஷிமாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். வெளியே பெஞ்சில் மேஷோ பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளிருந்து யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல இயந்திரத்தின் சத்தம். அப்போதுதான் மேஷோ சொன்னார். நான் கேட்காமலேயே.

மாஷிமாவின் அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். கொல்கத்தாவிலிருந்து சில மணி நேரத் தொலைவில் ஒரு ரயில்வே ஊர். மேஷோ அங்கே பள்ளியில் வாத்தியார், மாஷிமா அதே பள்ளி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். பதிவுத் திருமணம் செய்துகொண்டு மறுநாள் அப்பா வீட்டுக்குப் போனார்கள். கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து அப்பா ஏதோ சொன்னார். மாஷிமா காலையிலிருந்து மத்தியானம் வரை வாசலில் நின்றார். ரயிலேறியபிறகு, அப்பா என்ன சொன்னார் என்று மேஷோ கேட்டார். "தமிழ் பேசும் மகள் ஒருத்தி இருந்தாள், அவள் செத்துப்போனாள் என்றார். சரி, செத்ததாகவே இருக்கட்டும்" என்று மாஷிமா பெங்காலியில் பதில் சொன்னார்.

"நாற்பத்தோரு வருடம்" என்றார் மேஷோ. "தூக்கத்திலாவது வருமா என்று கவனித்திருக்கிறேன். ஒரு சொல் வந்ததில்லை."

படம் வந்தது. டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டுத் திரையில் காட்டினார். சாம்பல் நிறத்தில் மூளையின் ஒரு குறுக்கு வெட்டு. இடது பக்கம், பேச்சுக்குரிய இடத்தில், பளிச்சென்று ஒரு வெள்ளைத் திட்டு. "இந்த வகைப் படத்தில் அடைப்பு வந்த சற்று நேரத்திலேயே வெள்ளை தெரிந்துவிடும்" என்று சொல்லிப் பக்கத்துப் படத்துக்கு விரலை நகர்த்தினார். "இந்த வகையில் தெரிய மணிக்கணக்காகும். இதில் ஒன்றும் இல்லாமல் இருந்தால் ஊசி போட்டிருப்பேன்." இரண்டாவது படத்திலும் அதே இடத்தில் வெள்ளை இருந்தது. மங்கலாக, ஆனால் இருந்தது.

குழாய் விட்டு எடுக்கவும் முடியாது, அடைத்திருப்பது மிகச் சிறிய கிளை என்றார். மேஷோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரையையே பார்த்தார். நானும் பார்த்தேன். அதில் பெங்காலி எங்கே இருந்தது, தமிழ் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே வரும்போது டாக்டர் என்னைத் தனியே நிறுத்தி, "நீங்கள் உண்மையைச் சொன்னது நல்லது. ஊசி போட்டிருந்தால் இன்றைக்கே போயிருக்கலாம்" என்றார். தலையாட்டினேன். ஒன்பதே காலுக்கே கொண்டுவந்திருந்தால் என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மாஷிமா பிழைத்தார். பதினெட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். வலது கால் கொஞ்சம் இழுத்தபடி நடந்தார், கை அப்படியே நின்றுவிட்டது. பெங்காலி நிதானமாகச் சொன்னால் புரிந்தது. திரும்பச் சொல்லத்தான் வரவில்லை. முயன்று பார்ப்பார். உதடு குவியும், கழுத்து நரம்பு புடைக்கும், கடைசியில் தமிழ்தான் வந்து விழும். சில நாள் அதைக் கேட்டு அவரே அழுதார். நாற்பத்தோரு வருடம் எதைப் பேசமாட்டேன் என்று இருந்தாரோ, அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. எதில் குடும்பம் நடத்தினாரோ, சண்டை போட்டாரோ, கணவரைக் கொஞ்சினாரோ அது போய்விட்டது.

நான் தினமும் வேலை முடிந்ததும் அங்கே போவேன். அவர் சொல்வதை மேஷோவுக்குச் சொல்வேன். உப்பு குறைவு என்கிறார். முதுகு அரிக்கிறதாம். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்கள் மட்டுமாவது போய்விட்டு வர வேண்டுமாம். ஆசைப்பட்ட தமிழ் இப்படி என் கைக்கு வந்தது. ஒரு நாளும் அதில் எனக்கு ருசியில்லை. ஒருதரம், "மாஷிமா, அன்னைக்குக் காலையில எனக்குத் தெரியாமப் போச்சு" என்று ஆரம்பித்தேன். அவர் இடது கையால் என் வாயைப் பொத்தி, "சும்மா கெட, ஏட்டி" என்றார்.

ஒரு வருடம் கழித்து எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. சொல்லப் போனபோது மேஷோ ஒரு நோட்டை எடுத்து வந்தார். மாஷிமா சொல்வதையெல்லாம் காதில் விழுந்தபடி பெங்காலி எழுத்தில் எழுதி வைத்திருந்தார். எதிரே அர்த்தம் எழுத இடம் விட்டிருந்தார். ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டு நிரப்பினார். மாஷிமா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

"இது ஒன்று பாக்கி" என்றார். "தினம் காலையில் நான் நடக்கக் கிளம்பும்போது சொல்கிறாள். பெரோஷா பொந்துருங்கோ, தோனியா இருக்கோ பொயமாருக்கு."

அவர் உச்சரிப்பைத் தாண்டி அது எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. வெரசா வந்துருங்க, தனியா இருக்கப் பயமாருக்கு.

மாஷிமாவைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த ஆயா ஏழு மணிக்குத்தான் வருவாள். அதற்கு முன் அரைமணி நேரம் லேக் வரை நடந்துவிட்டு வருவது மட்டும்தான் மேஷோவுக்கு ஒரு நாளில் கிடைக்கும் காற்று. சர்க்கரை ஏறிவிட்டது, நடந்தே ஆக வேண்டும் என்று அவருக்கும் வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்று ஆறிலிருந்து பன்னிரண்டரை வரை மாஷிமா தனியாகக் கிடந்தார் என்பதை அவர் எப்போதும் மனசில் போட்டு அரைத்துக்கொண்டிருந்தார். இதையும் எப்படிச் சொல்வது?

"சீக்கிரம் வந்துவிடுங்கள் என்கிறார்" என்றேன்.

"அவ்வளவுதானா? நீளமாக இருக்கிறதே."

"அவ்வளவுதான் மேஷோ."

எழுதிக்கொண்டார். பதிலுக்குத் தமிழில் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார். "வந்துருதேன்" என்று சொல்லிக் கொடுத்தேன். நாலைந்து முறை சொல்லிப் பழகினார்.

எட்டு மாதம் கழித்துச் சென்னையில் இருக்கும்போது ஒரு மாலை அவரிடமிருந்து போன் வந்தது. மாஷிமா முந்தின நாள் காலை போய்விட்டார் என்றார். இரண்டாவது அடைப்பு, இந்த முறை ஆஸ்பத்திரிக்குக்கூட நேரம் இல்லை. தான் பக்கத்திலேயே இருந்ததாகச் சொன்னார். நான் அழுதேன். அவர் பொறுமையாக அழவிட்டார்.

பிறகு, "அந்த நீள வாக்கியத்தில் நீ பாதிதான் சொன்னாய்" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நீ இருந்த வீட்டுக்குக் கோயம்புத்தூர்க்காரப் பெண் ஒருத்தி குடிவந்திருக்கிறாள். நோட்டைக் காட்டினேன். அவள் மீதியையும் படித்துச் சொல்லிவிட்டாள்."

"நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான், மேஷோ."

"தெரியும் மா. வருத்தப்படுவது என் பாடு. நீ சொல்லியிருக்க வேண்டும்." குரலில் கோபம் இல்லை. வகுப்பில் ஒரு கணக்கின் தவறைச் சுட்டிக்காட்டுவதுபோல நிதானமாகச் சொன்னார். "அந்தப் பெண் படித்துச் சொன்ன நாளிலிருந்து நான் வெளியே போகவில்லை. கூடத்திலேயே நடந்துகொண்டேன். ஆனால் நீ போன பிறகு அந்தப் பெண் குடிவர மூன்று வாரம் ஆகிவிட்டது."

அவர் நோட்டின் பக்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அந்த மூன்று வாரமும், தனியாக இருக்க பயமாக இருக்கிறது என்று அவள் சொல்லச் சொல்ல, நான் வந்துருதேன், வந்துருதேன் என்று சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போயிருக்கிறேன்."